சூரியனும் கொஞ்சம் ஆடும்

பிப்ரவரி 3

கணக்கு முடிந்தது. இந்த வால்நட்சத்திரம் நம்முடையது இல்லை.

சூரியனின் பிடிக்குள் இருக்கும் ஒன்றுக்கு இவ்வளவு வேகம் இருக்க முடியாது. வேறொரு நட்சத்திரத்தின் ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. நம் வழியாகப் போகிறது. போனால் வராது.

கைடு மேடம் எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பூரணி, இது உன் பிஎச்.டி. இல்ல. உன் வாழ்க்கை." அவருக்கு எதையும் சற்றுக் கூட்டிச் சொல்லும் பழக்கம். மார்ச் 10 காலை, துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டும். வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். அம்மா அதற்குள் வேறொன்று சொன்னாள்.

பிப்ரவரி 4

அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

நேற்று இதை எழுத முடியவில்லை. இன்று முடிகிறது.

தூத்துக்குடிக்காரர். லியோன் மச்சாடோ. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி. அம்மா வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் கம்பெனி ஐஸ் சோதனைக்கு வருமாம்.

"மூணு தடவ ஃபெயில் போட்டேன்ட்டி. அம்புட்டு அழுக்கு. நாலாவது தடவ பாஸ் ஆன அன்னைக்கு மக்ரூன் வாங்கிட்டு வந்து நிக்காரு. லஞ்சமான்னு கேட்டேன். பாஸ் ஆன பொறவு குடுத்தா எப்படிங்க லஞ்சம்ங்காரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்பா இறந்து ஒன்பது வருடம். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இதில் தவறு எதுவும் இல்லை. நான் படித்தவள். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் தவறு இல்லை.

பிப்ரவரி 6

சிலிண்டர் வந்தது. புதிதில் வாஷர் சரியில்லை, பழையதைக் கழற்றிப் போட்டேன். கருத்தரங்குக்குத் தலைப்பு கொடுத்தேன்: 'வேறொரு சூரியனிலிருந்து ஒரு விருந்தாளி.' மேடத்துக்குப் பிடித்தது. பேனர் அடிக்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 7

அம்மா இந்து, அவர் கிறிஸ்தவர். யாரும் மதம் மாறப்போவதில்லை. ஆகவே பதிவுத் திருமணம். முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் தொங்க வேண்டும், பிறகு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பக்கம் தம்பியும் தம்பி மனைவியும் வருகிறார்கள். அம்மா பக்கத்திலிருந்து ஒருவர்.

சங்கரன்கோவில் பெரியம்மா நேற்றே போனில் பேசிவிட்டாள். இனி தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று.

அம்மா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ வருவல்லா?"

"என்னைக்கு?"

"மார்ச் பத்து. காலையில."

"அன்னைக்கு என் செமினார்மா."

உண்மை. அந்தத் தேதியை நான் வைக்கவில்லை.

அம்மா தோசையைத் திருப்பினாள். "சரிட்டி. படிப்புதான் முக்கியம். ஆபீஸ்ல யாரையாவது கேட்டுக்கிடுதேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் தூத்துக்குடியில் இருப்பாள். வேலையும் அங்கேதான். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் அலைய வேண்டாம். நியாயம். இந்த வீட்டில் நான் இருப்பேன். "நீயும் அங்க வந்துரேன்" என்றாள். யுனிவர்சிட்டி இங்கே இருக்கிறதே என்றேன். அதுவும் நியாயம்.

தோசை இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 11

இரண்டாம் அத்தியாயம். வால்நட்சத்திரங்கள் எப்படி உண்டாகின்றன.

அவை ஓரத்தில் பிறந்தவை அல்ல. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிறந்தது உள்ளே, பெரிய கிரகங்கள் உருவான அதே குளிரில். தூசி. தூசியின் மேல் பனி. ஒன்றையொன்று தொட்டால் ஒட்டும். ஆனால் மெதுவாகத் தொட வேண்டும். ஒரு ஆள் நடந்து வரும் வேகம், அதற்கும் குறைவாக. வேகமாக வந்தால் எகிறிப் போகும், அல்லது இரண்டும் உடையும். மலை அளவு பனிக்கட்டி ஒவ்வொன்றும் இப்படிக் கோடிக்கணக்கான மெதுவான தொடுதல்களால் ஆனது.

பிறகு வியாழன் பெரிதாயிற்று. சனியும். அருகில் வந்ததையெல்லாம் வீசின. பெரும்பாலானவை ஒரேயடியாகப் போய்விட்டன. சில மட்டும் மிகத் தொலைவில் நின்றன. அங்கிருந்து பார்த்தால் சூரியன் மற்றொரு நட்சத்திரம்தான். ஆனாலும் பிடி இருக்கிறது. நூல் மாதிரி. ஏதோ ஒரு நட்சத்திரம் பக்கத்தில் கடந்துபோனால், அல்லது பால்வீதியே கொஞ்சம் இழுத்தால், அந்த நூலில் ஒன்று அசைந்து உள்நோக்கி விழத் தொடங்கும். அதைத்தான் நாம் வானத்தில் பார்க்கிறோம்.

பக்கத்து மேஜை ஜெபா எட்டிப் படித்தாள். "ஏ, இது தீசிஸா, டைரியா?"

"சாப்டர் டூ."

"நூல் மாதிரியாம். எக்ஸாமினர் உன்ன நூலாட்டம் உருவிருவாரு."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 15

அம்மா புடவைகளைப் பிரித்து அடுக்குகிறாள். கொண்டுபோவது, விட்டுப்போவது. அப்பா எடுத்துக் கொடுத்தவை விட்டுப்போவதில். எனக்காம்.

நான் புடவை கட்டுவதில்லை.

பிப்ரவரி 18

பதிவு அலுவலகத்துப் பக்கம் போகிற வேலை இருந்தது. சரி, இல்லை. போனேன்.

பலகை வாசலிலேயே இருக்கிறது, கம்பி வலைக்குப் பின்னால். மொத்தமும் சின்னப் பிள்ளைகள். இருபத்திரண்டு, இருபத்து நான்கு. யாருக்கோ பயந்து எடுத்துக்கொண்ட மாதிரியான போட்டோக்கள். நடுவே அம்மா. அந்தப் போட்டோவை நான் பார்த்ததில்லை. ஸ்டுடியோவில் போய் எடுத்திருக்கிறாள். கண்ணுக்கு மை போட்டிருக்கிறாள். பக்கத்தில் அவர்: வழுக்கை, பெரிய காது, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியும் கேட்காத முகம்.

வாட்ச்மேன் வந்தார். "என்னம்மா, ஆட்சேபணை எழுதணுமா? உள்ள போய்க் கேக்கணும். சும்மா பிடிக்கலைன்னு எழுத முடியாது, காரணம் வேணும்."

"இல்ல."

"அழாதம்மா. தெனமும் யாராவது வந்து நின்னு பாக்கத்தான் செய்தாவ."

நான் அழவில்லை. வெயில் நேராகக் கம்பி வலையில் அடித்தது.

பிப்ரவரி 24

அறிவியல் தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். வால்நட்சத்திரம் செய்து காட்டும் பொறுப்பு எனக்கு. மண், கரித்தூள், சர்க்கரைப் பாகு, உலர் பனி, நிறைய நொறுக்கிய ஐஸ். உலர் பனிக்கு ஐஸ்கிரீம் கம்பெனியில் சொல்லியாயிற்று.

"ஐஸுக்கு எங்க போறது?" என்றேன்.

ஜெபா என்னையே பார்த்தாள். "உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே ஐஸ் கம்பெனி வச்சிருக்கல, என்ன?"

"கடையில வாங்கிக்கலாம்."

"நானே உங்க அம்மாட்ட கேட்டுட்டேன். போ."

பிப்ரவரி 28

ஐஸ் அனுப்புவார் என்று நினைத்தேன். அவரே வந்தார். குட்டியானை வண்டியில், முன்சீட்டில், வெள்ளைச் சட்டை போட்டு. பின்னால் தெர்மோகோல் பெட்டிகள். திறந்ததும் மண்டபம் முழுக்க மீன் வாடை.

"புதுப் பெட்டிதான் எடுக்கச் சொன்னேன். பயலுவ மாத்தி ஏத்திட்டானுவ" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "கழுவிக் குடுக்கட்டா?"

"ஐஸைக் கழுவுனா என்னத்தங்க மிஞ்சும்" என்றாள் ஜெபா.

முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு "மீன் நட்சத்திரம், மீன் நட்சத்திரம்" என்று கத்தினார்கள். அவர் இன்னும் சிவந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மைக்கை வாங்கிச் சொன்னேன். "நிஜமான வால்நட்சத்திரம் இதைவிட நாறும். அழுகின முட்டை, அம்மோனியா, எல்லாம் இருக்கு அதுல." பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் ஐஸையும் கரியையும் பிசைந்தார்கள். அழுத்திப் பிடித்தவர்கள் கையில் உடைந்தது. மெதுவாகச் சேர்த்து வைத்துக் காத்திருந்தால் ஒட்டுகிறது. உலர் பனியைச் சேர்த்ததும் புகை. ஹேர் டிரையரைச் சூரியனாக வைத்து ஊதியபோது புகை எதிர்ப்பக்கம் வாலாக நீண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர்தான் பலமாக.

மண் கலந்த ஐஸை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு அழுக்கா சேக்கணும்? ஒங்க அம்மா பாத்தாங்கன்னா ஃபெயில் போட்டுருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க நேரமில்லை.

போகும்போது வண்டிக்குள்ளிருந்து சொன்னார். "என்னைய எப்படிக் கூப்பிடணும்னு ஒங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கும். எனக்கும் இருக்கு. நீங்க கூப்பிடவே வேண்டாம். இங்க பாருங்கன்னு சொன்னாப் போதும், நான் திரும்பிப் பாத்துருவேன்."

என்னை 'நீங்க' என்கிறார். வீட்டில் அம்மா கேட்டாள், எப்படிப் போச்சு என்று. ஐஸ் நல்லாயிருந்தது என்றேன்.

மார்ச் 2

கருத்தரங்குக்கு ஒரு படம் வேண்டும். வால்நட்சத்திரத்தை அது வந்த வழியே பின்னோக்கி ஓட்டினேன். கிரகங்களைத் தாண்டி, வெறும் வெளிக்கு. வேகத்தின் வளைவு, சூரியனின் பிடி எதுவரை என்று காட்டும் கோட்டுக்கு மேலே இருந்தால் நம்முடையது அல்ல. கீழே இருந்தால் நம்முடையது. வளைவு ஓரிடத்தில் அமைதியாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. ஆடுகிறது. மேலே, கீழே, மேலே, கீழே. ஏறத்தாழப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

அங்கே எதுவுமே இல்லை. எது ஆட்டும்?

மார்ச் 3

அம்மாவின் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறம்.

பன்னிரண்டு வருடம் என்பது வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்றும் காலம்.

மார்ச் 4

கண்டுபிடித்துவிட்டேன்.

போன வருடம் பள்ளிகளுக்காக ஒரு படம் செய்தேன். திரையின் நடுவில் சூரியன் அசையாமல் இருக்கும், மற்றதெல்லாம் சுற்றும். பார்க்க அழகு. அந்த நிரலின் ஒரு துண்டை எடுத்து ஆய்வுக் கணக்கில் ஒட்டியிருக்கிறேன். ஆகவே என் கணக்கு முழுவதிலும் சூரியன் நடுவில், ஆணி அடித்த மாதிரி.

சூரியன் அப்படி நிற்பதில்லை. வியாழன் அதைச் சுற்றும்போது அதுவும் பதிலுக்குக் கொஞ்சம் சுற்றுகிறது. உண்மையான நடு என்பது சூரியன், கிரகங்கள் எல்லாவற்றின் எடையும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு புள்ளி. சமயங்களில் அது சூரியனுக்கு வெளியிலேயே இருக்கும். முதல் வருட மாணவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஆடியது வால்நட்சத்திரம் இல்லை. நான் நின்றுகொண்டிருந்த இடம்.

அந்தப் புள்ளியை நடுவில் வைத்து மறுபடி ஓட்டினேன். வளைவு அமைதியாயிற்று. கோட்டுக்குக் கீழே. மயிரிழைதான், ஆனால் கீழே. நம்முடையதுதான். நம் ஓரத்திலிருந்து வந்தது.

மார்ச் 5

மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் கருத்தரங்கு இல்லை. கருத்தரங்கு இல்லை என்றால்.

பேனர் மாடிப்படியில் தொங்குகிறது. என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை.

ஜெபாவிடம் மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் வளைவைப் பார்த்தாள். "பத்தாம் தேதி பேசிட்டு, பதினொண்ணாம் தேதி கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லலாம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். பிறகு, "நீ எதுக்கு இப்படிப் பத்தாம் தேதியைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"வர்றவங்க எல்லாரும் டிக்கெட் போட்டுட்டாங்க, அதான்."

"ஆமா. அதான்."

மார்ச் 6

சொல்லிவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அப்போ ஊர்க்காரன்தானா?"

"ஆமா மேடம்."

"விருந்தாளின்னு பேனர் அடிச்சிட்டேனே."

பிறகு திட்டினார். நன்றாக. நாலு வருடம் என்ன படித்தாய், கண்ணை எங்கே வைத்திருந்தாய். கடைசியில், பத்தாம் தேதி வேறொருவர் பேசட்டும், நீ ஏப்ரலில் பேசு என்றார். "எப்படித் தப்பு பண்ணினேன்னு பேசு. அதுக்கும் ஆளு வரும்."

பத்தாம் தேதி எனக்கு இப்போது எந்த வேலையும் இல்லை.

மார்ச் 8

மூன்றாவது சாட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். அம்மா ஆபீஸ் டிரைவர், கணபதி. நல்ல மனிதர். இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

"அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்" என்றாள் அம்மா. சரி என்றேன். கருத்தரங்கு பற்றிச் சொல்லவில்லை. தண்ணீர் கேன் இரண்டு வாங்கி வைத்தேன். இனி ஒன்று போதும் என்று பிறகுதான் தோன்றியது.

மார்ச் 9

சாயங்காலம் அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மறுமுனையில்.

"செமினார் இல்லம்மா."

"ஏன்ட்டி?"

"கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். வெளியிலேருந்து வந்ததுன்னு சொன்னேன்லா. இல்ல. நம்மளோடதுதான்."

அம்மா போர்வையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேடம் திட்டினாளா?"

"ம்."

"மறுபடி சோதிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். மூணு தடவ."

"அப்பம் விடு. ஃபெயில் போட வேண்டியதுக்கு ஃபெயில் போட்டுத்தான் ஆகணும். நம்ம சாம்பிளா இருந்தாலும்." என் தலையில் ஒட்டியிருந்த எதையோ எடுத்தாள். எதுவும் இருந்ததா தெரியவில்லை. "அப்பம் அது திரும்பி வருமா?"

"வரும்."

"எப்பம்?"

"நாலஞ்சு லட்சம் வருசம் ஆகும்."

அம்மா யோசித்தாள். "தூத்துக்குடிலேருந்து ஒரு மணி நேரந்தாம்ட்டி."

நான் போர்வையின் இந்தப் பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேரும் மடித்தோம். நடந்து நடந்து அருகில் வந்து, நுனிகளை அவள் கையில் கொடுக்கும்போது சொன்னேன். "கணபதி அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிரு."

அம்மா நுனிகளை வாங்கவில்லை. போர்வை கீழே விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 10

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு ஜோடிகள். மின்விசிறி ஒன்றுதான். அவர் கோட்டு போட்டு வந்திருந்தார், வேர்த்து ஊற்றியது. அவர் தம்பி மனைவி அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு எனக்கும் வைத்தாள், கேட்காமலே.

கிளார்க் நிமிராமல் கேட்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க யாரு?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்தாள் போல.

"நாந்தான்" என்றேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மக."

கிளார்க் இப்போது நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேனாவைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "நல்லாப் போடும்மா. கோட்டுக்குள்ள."

போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டாவது முறை அழுத்தியபோது எழுதியது. நிமிர்ந்தால் மச்சாடோ கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முழங்கையில் இடித்தாள். "சும்மா இரிங்க. இப்பம் நான்லா அழணும்."

"இங்க பாருங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். கர்ச்சீப்பைக் கொடுத்தேன்.

மார்ச் 11

வீடு. நான்.

சாதம் அதிகமாகிவிட்டது.

மார்ச் 15

அம்மா போன் செய்தாள். இரண்டு முறை எடுத்தேன், ஒரு முறை எடுக்கவில்லை. நான்காவது தடவை போட்டது அவர். "ஒங்க அம்மா கம்பெனிக்கு வந்து தண்ணித் தொட்டி எல்லாத்தையும் கழுவச் சொல்லிட்டாங்க. பயலுவ எல்லாரும் ஒங்கள வரச் சொல்லுதானுவ, எங்களக் காப்பாத்துங்கன்னு."

புதிய அத்தியாயம் தொடங்கினேன். மையத்தை எங்கே வைப்பது என்பது பற்றி. மேடம் வேண்டும் என்கிறார்.

மார்ச் 22

காலையில் துவைக்க உட்கார்ந்தேன். இரண்டு வார அழுக்கு. குழாயைத் திறந்தேன், மூடினேன். எல்லாவற்றையும் பெரிய பையில் திணித்து, கதவைப் பூட்டி, தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். சொல்லவில்லை. பை மடியில் இருந்தது. பக்கத்து அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் தெருவுக்கு இதற்கு முன் போனதில்லை. இரண்டு பேரிடம் கேட்டேன். உப்புக் காற்று. பச்சைக் கதவு.

அம்மா திறந்தாள். கையில் மாவு. என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஏங்க, இன்னொரு ஆளுக்கு உலை வைக்கணும்" என்றாள். பிறகு என்னிடம், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி:

"எத்தன நாளு இருப்ப?"

"தெரியலம்மா" என்றேன். "கணக்குப் போடல."